டயல் காட்டிய எழுபத்தெட்டு

மார்ச் 4, செவ்வாய்

நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. போன வருடம் நாலு கண்ணன் கேமராவை டெலஸ்கோப்பிலிருந்து இறக்கி, மரப்பெட்டிக்குள் படுக்கவைத்து, தார்ப்பாய் போட்டு மூடினார்களே, அன்றைக்கே டோமுக்குள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன்: ஒருநாள் இதைத் தேடி வருவீர்கள், வந்து என்னைத்தான் கேட்பீர்கள் என்று. இன்ஜினியர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். சிரிக்கட்டும். தேதி மட்டும்தான் சொல்லவில்லை. மற்ற அத்தனையும் முன்கூட்டியே சொன்னவன் நான்.

இன்று காலை அக்கா மகள் போன் செய்தாள். டாக்டர் பட்டம் வாங்கி, ஆராய்ச்சி நிலையத்தில் தனி மேஜை போட்டு உட்கார்ந்தாலும் எனக்கு அவள் பொடிசுதான்.

"மாமா, மூணு வருஷத்துக்கு முந்தி அக்டோபர் பத்தொன்பது. அன்னைக்கு சாயங்காலம் நாலு கண்ணனுக்கு நைட்ரஜன் ஊத்தினது நீங்கதானா?"

"நான் இல்லாம வேற யாரு?"

"டயல்ல எவ்வளவு இருந்துச்சுன்னு ஏதாவது..."

"எழுபத்தெட்டு."

அந்தப் பக்கம் காகிதத்தில் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நெஜமாவா மாமா?" என்றாள். பத்து வயதில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது கேட்ட அதே கேள்வி, அதே குரல்.

போனை வைத்துவிட்டு லாக் ரூமுக்குப் போய்ப் பழைய புத்தகத்தைத் தோண்டி எடுத்தேன். அக்டோபர் 19. மாலை 4.10. ஊற்றியது. டயல் 78. என் கையெழுத்து. பார்க்காமலே சொன்னேன். இதை அந்த இன்ஜினியர் செய்வாரா?

மார்ச் 5, புதன்

பின்னால் யாராவது இந்த நோட்டைப் புத்தகமாகப் போட்டால் புரிய வேண்டும், அதனால் எழுதி வைக்கிறேன்.

நாலு கண்ணன் என்று பெயர் வைத்தது நான். கேமராவுக்குள் வெளிச்சத்தைப் பிடிக்கிற நான்கு சில்லுகள், ஜன்னலின் நான்கு கண்ணாடி போல, நடுவில் சந்து விட்டு. மற்ற கேமராக்கள் வானத்தைச் சாவித் துவாரம் வழியாகப் பார்த்தால் இது கதவைத் திறந்து பார்க்கும். அவ்வளவு அகலம். அதுவும் நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் இல்லை. சிவப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வெளிச்சம். தூசி மேகத்துக்குள் நட்சத்திரம் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடும்.

ஆனால் ஒரு தொல்லை. இந்த வெளிச்சத்தில் பார்த்தால் சூடாக இருக்கிற எல்லாமே மின்னும். கேமராவே சூடானால் தன்னைத் தானே பார்த்துக்கொண்டு, இல்லாத புள்ளியை எல்லாம் இருக்கிறது என்று சொல்லும். அதனால்தான் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் திரவ நைட்ரஜன் ஊற்ற வேண்டும். டயலில் எழுபத்தெட்டு நிற்க வேண்டும். அது அவர்கள் கணக்கு. நம் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே கிட்டத்தட்ட இருநூறு. ஊற்றியது யார்? பதினான்கு வருடம், நான். பத்தாவது முடிக்காதவன் என்று சொல்வார்களே, அவன்.

விரல் நுனி ஒன்றில் எனக்கு இன்றும் உணர்ச்சி கிடையாது. நைட்ரஜன் கொடுத்தது. (வீட்டுக்காரி அது கதவிடுக்கில் நசுங்கியது என்பாள். அவளுக்கு என்ன தெரியும்?)

மார்ச் 9, ஞாயிறு

பொடிசு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டு இரண்டு பிரிண்ட்டைப் பரப்பினாள். சாம்பல் நிறத்தில் மணல் கொட்டின மாதிரி புள்ளிகள். முதலாவதில் பென்சில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி. இரண்டாவதில் அதே வட்டம். உள்ளே ஒன்றும் இல்லை.

"இது மூணு வருஷம் முந்தி, இது போன வருஷம். நடுவுல இந்த நட்சத்திரம் காணாமப் போச்சு மாமா. வெடிக்கல, மங்கல. சும்மா இல்லாமப் போச்சு. அப்படி நடக்கலாம்னு கணக்குப் போட்டவங்க இருக்காங்க. கண்ணால பாத்தவங்க ரொம்பக் கம்மி."

"நீ பாத்துட்ட."

"அதுதான் தெரியல."

அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். வானமே இந்த வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு இருப்பதால், ஒரே இடத்தை டெலஸ்கோப்பைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்தி ஒன்பது பதினாறு படம் எடுப்பார்கள். உண்மையான நட்சத்திரம் வானத்தோடு நகரும். கேமராவின் கோளாறு சில்லிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அக்டோபர் 19 அன்று ஒரே ஒரு படம் எடுத்ததும் மேகம் மூடிவிட்டது. நகர்த்திப் பார்க்க இரண்டாவது படம் இல்லை. அகலமாகப் பார்க்கிற கேமரா ஆகையால் ஒரு நட்சத்திரமே சில்லில் உள்ள இரண்டு மூன்று பொடிக் கட்டத்துக்குள்தான் விழும். சில்லு சூடாகி நாலு கட்டம் சேர்ந்து மினுங்கினால் அதுவும் நட்சத்திரம் மாதிரியே இருக்கும். கம்ப்யூட்டர் பதிவைப் பார்க்கலாம் என்றால், அந்த நாட்களில் சூடு அளக்கும் வயர் பழுதாகி, அது ஒரே எண்ணையே காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். மிச்சம் இருப்பது கேமராவின் இடுப்பில் இருந்த டயல். அதைப் பார்த்து எழுதிய நான்.

"ஜூலையோட என் வேலை முடியுது மாமா. நீட்டிக்கிறதா வேணாமான்னு ஒரு குழு உக்காந்து முடிவு பண்ணும். ஆறு வருஷத்துல சொல்லிக்கிற மாதிரி எங்கிட்ட இருக்கிறது இந்த ஒரு புள்ளிதான். சில்லு குளிர்ச்சியா இருந்திருந்தா இது நட்சத்திரம். இல்லன்னா ஒண்ணுமில்ல."

தோளில் தட்டிக் கொடுத்தேன். உன் மாமன் ஊற்றினால் குளிராமல் எங்கே போகும் என்றேன்.

மார்ச் 10, திங்கள்

இன்ஜினியர் முன்னால் வைத்து லாக் புத்தகத்தைப் பொடிசு போட்டோ எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு நடந்ததை நான் அவர்களுக்கு நின்று விளக்கினேன்: வேன் நிறுத்துமிடத்தில் காற்று பலமாக இருந்தது, குடுவையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தனியாகத்தான் தள்ளிக்கொண்டு போனேன், குழாயைச் சொருகியதும் புகை தரையெல்லாம் பொங்கி என் பூட்ஸ் மறைந்துவிட்டது, டயலின் கண்ணாடியை விரலால் இரண்டு தரம் தட்டினேன், முள் எழுபத்தெட்டில் வந்து நின்றது, "இன்னைக்கு நீ ஏதோ பெருசா பாக்கப் போற" என்று கேமராவிடமே சொன்னேன்.

"கேமராகிட்ட பேசினீங்களா?" என்றார் இன்ஜினியர்.

"உங்ககிட்ட பேசறதுக்கு அது தேவல சார்."

பொடிசு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

டயல் எழுபத்தெட்டு என்று நான் சொன்னது எழுத்து மூலமாக வேண்டும் என்று பொடிசு அனுப்பியிருந்தாள். அவளே ஆங்கிலத்தில் எழுதி, கீழே எனக்காகத் தமிழிலும் எழுதியிருந்தாள். கையெழுத்துப் போடும் முன் போன் வந்தது.

"மாமா, ஞாபகம் இல்லன்னா இல்லன்னே சொல்லுங்க. அதுவும் எனக்கு உதவிதான். கோவிச்சுக்க மாட்டேன்."

என்னையே சந்தேகப்படுகிறாளா? தாய்மாமனை? தொட்டிலை ஆட்டிய கை இது. "உங்கம்மா பொறந்த நாள்கூட எனக்கு மறக்கும், அக்டோபர் பத்தொன்பது மறக்காது" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். வழக்கமான கிறுக்கல் இல்லை. முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது எந்த வருஷம்?"

"இப்ப எதுக்கு அது?"

"சும்மா. ஞாபக சக்தியப் பத்திப் பேசினீங்களேன்னு."

ஏப்ரல் 2, புதன்

பக்கத்து உச்சியில் புது டெலஸ்கோப். அதன் கேமராவுக்கு நைட்ரஜனே வேண்டாமாம். ஏதோ பம்ப் சுற்றிக்கொண்டே இருக்குமாம், தானே குளிர்ந்துகொள்ளுமாம். அங்கே வேலைக்கு எடுத்த பையன்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் கையிலும் ஒரு கொப்புளம் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பொடிசின் கட்டுரை வெளியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், "பகல் பணிக் குழுவின் மூத்த தொழில்நுட்பருக்கு" என்று போட்டிருக்கிறாளாம். என் பதவி வெறும் தொழில்நுட்பர்தான். மூத்த என்பதைப் பொடிசு அவளாகச் சேர்த்திருக்கிறாள். அலுவலகம் பதினான்கு வருடத்தில் தராததை அவள் ஒரு சொல்லில் தந்துவிட்டாள்.

அந்தப் பக்கத்தைப் பதினோரு பிரதி எடுத்தேன். நோட்டீஸ் போர்டில் ஒன்று. இன்ஜினியர் அறைக் கதவுக்கு நேர் எதிரே ஒன்று.

அக்கா போன் செய்தாள். "டேய், நீ உருப்பட மாட்டேன்னு நெனச்சேன். எம் பொண்ணு உன்னால உருப்பட்டா." பாராட்டா, திட்டா? எப்படி இருந்தாலும் அழுதுகொண்டே சொன்னாள்.

ஏப்ரல் 24, வியாழன்

பார்வையாளர் கூட்டம் ஒன்று வந்தது. கேன்டீனில் அவர்களுக்கு நட்சத்திரத்தின் கதையைச் சொன்னேன். இன்னும் சொல்லுங்கள் என்றார்கள், நானும் நீட்டினேன். டயலைப் பார்க்கும்போதே அந்த நட்சத்திரம் போகப் போகிறது என்று எனக்குப் பட்டது என்றேன். ஒரு அம்மாள் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மே 6, செவ்வாய்

வேறொரு மலையில், நம்முடையதைவிடப் பெரிய கண்ணாடி வைத்திருக்கும் டெலஸ்கோப்காரர்கள் பொடிசுக்கு எழுதியிருக்கிறார்கள். அதே வாரத்தில், அதே இடத்தை அவர்களும் எடுத்திருக்கிறார்களாம். அந்த வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லையாம்.

பொறாமை. வேறென்ன. பெரிய கண்ணாடி இருந்தால் பெரிய மனது இருக்க வேண்டும் என்று சட்டமா?

மே 8, வியாழன்

பொடிசு மறுபடி கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு ஊத்தும்போது உங்ககூட யாராவது இருந்தாங்களா?"

தனியாகத்தான் என்று முன்பு சொன்னது நினைவுக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "டெலஸ்கோப் ஆப்பரேட்டர் இருந்தாரே. ரெண்டு பேரும் டீ குடிச்சோம்."

"அவரு அந்த வாரம் முழுக்க லீவு மாமா."

"அப்போ வேற ஒருத்தர். டீ குடிச்சது நெஜம்."

"சரி மாமா" என்றாள். எதற்கு இந்தக் குறுக்கு விசாரணை? நான் என்ன கூண்டிலா நிற்கிறேன்? லாக் புத்தகம் இருக்கிறது, எண் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் இந்தப் படித்தவர்களுக்கு—

மே 9, வெள்ளி

தூக்கம் சரியில்லை. வெயில்.

மே 22, வியாழன்

செவ்வாயன்று நான் கண் பரிசோதனைக்கு லீவில் போயிருந்தபோது பொடிசு மலைக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்ஜினியர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எதற்கு வந்தாள் என்று கேட்டேன். தெரியாது, ஸ்டோர் பக்கம் போனாள் என்றார்.

மாமன் வீடு நாலு கிலோமீட்டர். வழி மறந்துவிட்டதா? வந்திருந்தால் வீட்டுக்காரி ஒரு வாய் சோறு போட்டிருக்க மாட்டாளா? சரி. பெரிய ஆளாகிவிட்டாள். இருக்கட்டும்.

ஜூன் 11, புதன்

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாளாம். அவளே.

அக்கா போனில் கத்தினாள். "என்னடா செஞ்சீங்க ரெண்டு பேரும்? ஊரெல்லாம் சொல்லி வச்சேனே. அவ ரூம விட்டு வெளியவே வரல." நான் என்ன செய்தேன்? நானா திரும்பப் பெற்றேன்? அவளுக்குத் துணிச்சல் இல்லை. நான் என்றால் கடைசி வரை நின்றிருப்பேன். ஒரே ஒரு படம் இருந்தால் என்ன, படம் படம்தானே. இதுவும் எனக்கு முன்னாலேயே தெரியும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்ததுமே தெரியும். (பார்த்ததில்லை. ஆனால் தெரியும்.)

நோட்டீஸ் போர்டில் இருந்த பிரதியை யாரோ எடுத்துவிட்டார்கள். இன்ஜினியர் அறைக்கு எதிரே இருந்ததை நானே எடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

நூலகத்து அம்மாளிடம் அந்த வாபஸ் அறிவிப்பைக் கொடுத்து வாசித்துச் சொல்லச் சொன்னேன். சின்னதுதான், ஒரு பத்தி. அவர் தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அன்றைய தினத்துக்கான வான் ஆய்வகத்தின் பதிவுகள் ஒழுங்காக உள்ளன. ஒரே ஒரு படத்தை நம்பி முடிவுக்கு வந்தது ஆசிரியரின் தவறு. அந்தத் தவறு அவருடையது மட்டுமே."

"உங்க லாக் புத்தகத்துக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்துட்டாங்க" என்றார் அம்மாள்.

ஆமாம் என்றேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தரம் கேட்காமல் அறிவிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

குழு அவள் வேலையை நீட்டிக்கவில்லை. யார் நீட்டிப்பார்கள்?

பொடிசு வந்தாள், இந்த முறை வீட்டுக்கே. வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறதாம். இரண்டு பெட்டியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், ரயிலுக்கு நேரமாகிறது என்று. வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பேசினேன். நிறையப் பேசினேன். அந்தக் குழுவைத் திட்டினேன், பெரிய கண்ணாடிக்காரர்களைத் திட்டினேன், டயலையும் புகையையும் மறுபடி ஒரு தரம் சொல்ல ஆரம்பித்தேன்.

"மாமா," என்றாள். கோபமே இல்லை. "யாராவது வந்து அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா, லாக்ல இருக்கிறதுதான்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சேக்காதீங்க."

"நான் எதை சேத்தேன்?"

"ஒண்ணும் இல்ல மாமா. உங்களுக்கு ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம்தானே? நல்லபடியா முடிங்க."

எனக்குப் புத்தி சொல்கிறாள். அவள் வேலையைக் கோட்டை விட்டுவிட்டு என் வேலைக்குப் புத்தி. எழுந்து வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை நான். வீட்டுக்காரிதான் போனாள். ஆட்டோ போன பிறகும் வெகு நேரம் உள்ளே வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஸ்டோர்காரரிடம் கையுறை வாங்கப் போனேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"உங்க அக்கா பொண்ணு பாவம்ணே. மே மாசம் வந்து என் பழைய ஷீட்டையெல்லாம் கேட்டு வாங்கிப் பாத்துச்சு. ரொம்ப நேரம் தரையிலயே உக்காந்திருந்துச்சு."

"எந்த ஷீட்டு?"

"நைட்ரஜன் தொட்டி லெவலு. நான் தினமும் அஞ்சு மணிக்குக் கோடு பாத்து எழுதுவேன்ல, அது. மூணு வருஷத்துக்கு முந்தினதாம். நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன்ணே, உங்களுக்குத் தெரியுமே."

எடுத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு கோடு இறங்கும்; காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. அக்டோபர் 17, இரண்டு. 18, இரண்டு. 19, ஒன்று. 20, மூன்று. பத்தொன்பதுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. ஸ்டோர்காரர் வைத்தது இல்லை.

"போட்டோ எடுத்துக்கிச்சா?" என்றேன்.

"இல்லண்ணே. திருப்பி அதே கட்டுல, அதே எடத்துல வச்சுட்டு, தேங்க்ஸ் அண்ணேன்னு போயிடுச்சு. என்னாச்சுண்ணே? உக்காருங்க. தண்ணி வேணுமா?"

கையுறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மே 20 அன்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஜூன் 11 அன்று, பதிவுகள் ஒழுங்காக உள்ளன என்று அச்சில் போட்டாள். ஜூலை 3 அன்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று மதியம் போன் செய்தேன். மணி அடிக்கிற சத்தமும் பிள்ளைகள் சத்தமும் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"பள்ளிக்கூடம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா. ஆறாம் வகுப்பு. வாலுங்க." பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"இல்ல. சும்மா."

"சரி மாமா. கிளாஸுக்கு நேரமாச்சு."

இங்கேயாவது எழுதுகிறேன்.

அக்டோபர் 19-ஐ நான் மறக்கவே இல்லை. அவள் தேதியைச் சொன்ன அந்த நொடியே எந்த நாள் என்று தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் புது டெலஸ்கோப்புக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பெயர். எனக்குக் கீழே வேலை கற்றவர்கள் மூன்று பேர் அதில் இருந்தார்கள். நான் இல்லை. இன்ஜினியரிடம் போய்க் கேட்டேன். "அங்க நைட்ரஜனே கிடையாதே, நீங்க வந்து என்ன செய்யப் போறீங்க?" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

நான் இல்லாமல் இது எப்படிக் குளிருகிறது பார்க்கலாம் என்று மூன்றரை மணி வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். மறந்து போய் வரவில்லை. தெரிந்தே வந்தேன். சூடு ஏறும், அலாரம் அடிக்கும், இன்ஜினியரே ஜீப்பை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்று "நீங்க வந்தாத்தான் ஆகும்" என்று கூப்பிடுவார் என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். வயர் கெட்டுப்போனது யாருக்குத் தெரியும்? அலாரம் அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை. நான் ஊற்றாமல் போனது ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை குழாயைச் சொருகியதும் நைட்ரஜன் உள்ளே தங்காமல் கொதித்துத் துப்பியது. எப்போதும் ஊற்றுவதைப் போல் இரண்டு பங்கு ஊற்றித்தான் நின்றது. அப்படியென்றால் கேமரா எவ்வளவு சூடாகியிருக்க வேண்டும்? அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் லாக் புத்தகத்தைத் திறந்து முந்தின நாள் வரியைப் பார்த்து அப்படியே எழுதினேன். நேரத்தை மட்டும் ஐந்து நிமிடம் மாற்றினேன், சந்தேகம் வரக் கூடாது என்று.

ஞாபகம் இல்லை என்று சொன்னாலே போதும் என்றாள் அவள். அதைக்கூடச் சொல்லவில்லை நான்.

மற்றபடி இந்த நோட்டில் இருப்பது ஏறக்குறைய உண்மை. புகை பொங்கும். பூட்ஸ் மறையும். டயலைத் தட்டுவேன். எல்லாம் வேறு ஏதோ நாட்களில் நடந்தவைதான். அந்த நாளுக்குப் போட்ட எழுபத்தெட்டு மட்டும் நானாகச் சேர்த்தது.